எழுதும்போது மட்டும் ஏன் இந்த மந்தம்? - பாரிட்டியின் கதை

நான்கைந்து வன்தட்டுகளை ஒரே பெட்டியில் அடுக்கி, குடும்பப் படங்கள், பாடல்கள், கல்யாண வீடியோ என்று எல்லாவற்றையும் அதில் சேமித்து வைக்கும் பழக்கம் இன்று சாதாரணமாகிவிட்டது. ஒரு வன்தட்டு செத்துப்போனாலும் உள்ளே இருப்பது போகாது என்பதுதான் இந்த வீட்டு வழங்கிகளின் பெருமை. ஆனால் அதை நிறுவிய முதல் வாரத்திலேயே பலரும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. கோப்பைப் படிக்கும்போது நொடிக்கு 100 மெகாபைட் வருகிறது. எழுதும்போது 40-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. கேபிளை மாற்றுகிறார்கள், ஸ்விட்சை மாற்றுகிறார்கள், கடைசியில் வன்தட்டையே மாற்றுகிறார்கள். ஒன்றும் நடப்பதில்லை. நடக்கவும் நடக்காது. இந்த மந்தம் 1987-லேயே கணக்குப் போட்டு எழுதி வைக்கப்பட்டுவிட்டது.

அந்த ஆண்டின் இறுதியில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பாட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் என்ற மூவர் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். 1988-ல் சிகாகோவில் நடந்த சிக்மாட் மாநாட்டில் அது வெளியானது. ரெய்டு என்ற பெயர் உலகுக்கு வந்தது அதன் வழியாகத்தான். அப்போது பெரிய நிறுவனங்கள் ஐபிஎம் 3380 போன்ற அலமாரி அளவு வட்டுகளை நம்பியிருந்தன. அதன் கொள்ளளவு 7,500 மெகாபைட். மறுபக்கம் தனிக்கணினிகளுக்காக கானர் நிறுவனம் தயாரித்த சிபி3100 என்ற குட்டி வட்டு இருந்தது, கொள்ளளவு வெறும் 100 மெகாபைட். விலை உயர்ந்த ஒரு யானைக்குப் பதில் மலிவான 75 எறும்புகளைச் சேர்த்துக் கட்டினால் என்ன என்பதே அவர்களின் கேள்வி.

வேகம் கிடைக்கும், சரி. ஆனால் எறும்புகள் சாகுமே! ஒரு வட்டு சராசரியாக 30,000 மணி நேரம் உழைக்கும் என்று வைத்தால், 100 வட்டுகள் உள்ள கூட்டத்தில் சராசரியாக 300 மணி நேரத்துக்கு ஒன்று போய்விடும். அதாவது இரண்டு வாரம்கூட இல்லை. இந்த ஆபத்துக்கு மருந்தாகத்தான் பாரிட்டி உள்ளே வந்தது. (யோசனை முற்றிலும் புதிதல்ல. ஐபிஎம்மில் வேலை செய்த நார்மன் ஔச்சி என்பவர், பழுதான வட்டின் தரவை மற்ற வட்டுகளிலிருந்து மீட்கும் முறைக்கு 1978-லேயே காப்புரிமை பெற்றிருந்தார். பெயர் வைத்தவருக்கே புகழ் என்பது இங்கேயும் நடந்தது.)

பாரிட்டி என்பது பள்ளிக்கூடக் கணக்குதான். மூன்று வட்டுகளில் ஒரே இடத்தில் 1, 0, 1 என்று இருக்கிறது. ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படை. ஆகவே நான்காவதான பாரிட்டி வட்டில் 0 எழுதுவோம். ஒற்றைப்படையாக இருந்திருந்தால் 1 எழுதி இரட்டைப்படையாக்கியிருப்போம். இப்போது இரண்டாவது வட்டு செத்தால், மீதியுள்ள 1, 1, 0 ஆகியவற்றைப் பார்த்தே அங்கே இருந்தது 0 என்று சொல்லிவிடலாம். எத்தனை வட்டுகள் இருந்தாலும் காவலுக்கு ஒன்று போதும். இதைவிடச் சிக்கனமான காப்பீடு கிடையாது.

சிக்கனத்தின் விலை எழுதும்போது தெரிகிறது. ஒரே ஒரு சிறு துண்டை மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பாரிட்டியையும் மாற்றியாக வேண்டும். அது எப்படி மாறும் என்று தெரிய, பழைய துண்டில் என்ன இருந்தது, பழைய பாரிட்டி என்ன என்ற இரண்டையும் முதலில் படிக்க வேண்டும். பிறகு புதிய துண்டையும் புதிய பாரிட்டியையும் எழுத வேண்டும். ஆக, ஒரு எழுத்துக்கு நான்கு வேலை. அதோடு முடியவில்லை. படித்து முடிப்பதற்குள் அந்த இடம் வாசிப்பு முனையைத் தாண்டிச் சுழன்று போயிருக்கும். அதே இடத்தில் எழுத இன்னொரு முழுச் சுற்று வரும்வரை காத்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வட்டில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி. 5,400 என்றால் 11.1 மில்லிநொடி. கேட்பதற்கு அற்பம்தான், ஆனால் கணினிக்கு அது ஒரு யுகம்.

பெர்க்லி மூவருக்கும் இது நன்றாகவே தெரிந்திருந்தது. கட்டுரையில் நான்காம் நிலை என்று சொன்ன அமைப்பில் எல்லா எழுத்துகளும் ஒரே பாரிட்டி வட்டின் வாசலில் வரிசையில் நின்றன. அதனால் ஐந்தாம் நிலையில் பாரிட்டியை எல்லா வட்டுகளுக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். வரிசை கலைந்தது. நான்கு வேலை என்ற கணக்கு மட்டும் கலையவில்லை. நான்கு வட்டுகள், ஒவ்வொன்றும் நொடிக்கு 80 சிறு வேலைகள் செய்யும் என்றால் மொத்தம் 320. எழுத்தென்று வந்தால் நான்கால் வகுக்க, மறுபடி 80. நான்கு வட்டு வாங்கி ஒரு வட்டின் வேகம்! 2000-களின் தொடக்கத்தில் ஆரக்கிள் தரவுத்தள ஆட்கள் சிலர் இதனால் வெறுத்துப்போய், ரெய்டு ஐந்துக்கு எதிராக 'பார்ஃப்' என்ற பெயரில் ஓர் இயக்கமே ஆரம்பித்தார்கள். பாதி கிண்டல், பாதி உண்மையான கோபம்.

இந்தக் கணக்கிலிருந்து தப்ப ஒரு வழி உண்டு. ஒரு வரிசையில் உள்ள எல்லாத் துண்டுகளையும் ஒரே நேரத்தில் புதிதாக எழுதினால் பழையதைப் படிக்கவே தேவையில்லை. ஆனால் நிரல்கள் அப்படி வரிசை வரிசையாக எழுதுவதில்லையே? அதே பெர்க்லியில் மெண்டல் ரோசன்பிளம், ஜான் ஔஸ்டர்ஹௌட் இருவரும் 1991-ல் ஒரு கோப்பமைப்பை அறிமுகம் செய்தார்கள். பழைய இடத்தில் திருத்தாமல், மாற்றங்களைச் சேர்த்துவைத்து நாட்குறிப்பு போல வரிசையாகப் புது இடத்தில் எழுதிக்கொண்டே போவது அதன் முறை. 1992-ல் தொடங்கிய நெட்ஆப் நிறுவனமும் இதே திசையில் போனது. எல்லோரும் கைவிட்ட நான்காம் நிலையையே எடுத்துக்கொண்டு, மின்சாரம் போனாலும் மறக்காத நினைவகத்தில் எழுத்துகளைக் குறித்துவைத்து, முழு வரிசைகளாக வட்டில் இறக்கியது. நல்ல துணிச்சல்தான்.

பணக்கார நிறுவனங்கள் வேறொரு வழியும் கண்டன. ரெய்டு அட்டையிலேயே நினைவகமும் அதற்கு ஒரு பேட்டரியும் வைத்தார்கள். தரவு நினைவகத்துக்கு வந்ததுமே 'எழுதியாயிற்று' என்று அட்டை பதில் சொல்லிவிடும். பேட்டரி எதற்கு? தரவு வட்டில் இறங்கி, பாரிட்டி இறங்குவதற்குள் மின்சாரம் போனால் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. பின்னொரு நாள் வேறு வட்டு செத்து மீட்கும்போது, தப்பான பாரிட்டி தப்பான தரவைத் தரும். அதுவும் யார் கண்ணிலும் படாமல்! இதற்குத்தான் எழுத்து ஓட்டை என்று பெயர். பேட்டரி பலவீனமானால் பல அட்டைகள் தாமாகவே இந்தச் சலுகையை நிறுத்திவிடும். சில அட்டைகள் சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேட்டரியைச் சோதிக்க வடித்து மறுபடி ஏற்றும். அந்தச் சில மணி நேரமும் வழங்கி நத்தையாகும். காரணம் தெரியாமல் தூக்கம் தொலைத்த நிர்வாகிகள் ஏராளம்.

வேகம் வேண்டுமென்று பேட்டரி இல்லாமலேயே அந்த அமைப்பைத் திறந்துவிடுபவர்களும் உண்டு. வேகம் உடனே கிடைக்கும். ஓட்டையும் கூடவே கிடைக்கும். சன் நிறுவனம் 2005-ல் வெளியிட்ட இசட்எஃப்எஸ், ஒவ்வொரு எழுத்தையும் அளவு மாறும் தனி வரிசையாகப் புது இடத்தில் எழுதி இந்த ஓட்டையை அடைத்தது. லினக்ஸின் மென்பொருள் ரெய்டில் தனிக் குறிப்பேட்டு வட்டு வைக்கும் வசதி 2016-ல், 4.4 பதிப்பில் வந்தது.

லினக்ஸ் ரெய்டில் இன்னொரு சின்ன விஷயமும் இருக்கிறது. 'ஸ்ட்ரைப் கேஷ்' என்ற அளவு தொடக்கத்தில் 256 என்று இருக்கும். வட்டுக்கு ஒரு மெகாபைட் நினைவகம், அவ்வளவுதான். அதை 8,192 ஆக்கினால் நான்கு வட்டுகளுக்கு 128 மெகாபைட் செலவாகும். பெரிய கோப்புகளை எழுதும்போது முழு வரிசைகள் சேர வாய்ப்பு கூடுவதால் வேகம் கணிசமாக ஏறுவதுண்டு.

வீடுகளுக்கென்றே 2005-ல் வந்தது அன்ரெய்டு. தரவைத் துண்டு போடாமல் ஒவ்வொரு வட்டிலும் முழுக் கோப்புகளாகவே வைத்து, பாரிட்டிக்கு மட்டும் தனி வட்டு ஒதுக்கியது. இரண்டு வட்டு செத்தாலும் மீதி வட்டுகளில் உள்ளவை தப்பிக்கும் என்பது பெரிய ஆறுதல். ஆனால் எழுத்துக்கு அதே நான்கு வேலை, அதே காத்திருப்பு. 'டர்போ' என்று செல்லமாகச் சொல்லப்படும் மாற்று முறையில், பழையதைப் படிக்காமல் மற்ற எல்லா வட்டுகளையும் படித்துப் பாரிட்டியைப் புதிதாகக் கணக்கிடலாம். வேகம் ஏறும், ஆனால் உறங்கும் வட்டுகள் எல்லாம் எழுந்து சுழல வேண்டும், அவற்றில் மெதுவான ஒன்று மொத்தத்தையும் பின்னுக்கு இழுக்கும். வேகமான கேஷ் வட்டில் முதலில் எழுதி, இரவில் நகர்த்துவது இன்னொரு வழி. அங்கே ஒற்றை வட்டு மட்டும் இருந்தால், நகரும்வரை அந்தக் கோப்புக்குக் காவல் இல்லை.

இதெல்லாம் தெரிந்தவர்களையும் திணறடித்தது வட்டுகளின் உள்ளே நடந்த மாற்றம். 2009 இறுதியில் 4,096 பைட் பிரிவுகள் கொண்ட வன்தட்டுகள் வரத்தொடங்கின. வெளியே அவை பழைய 512 பைட் வட்டு போலவே நடித்தன. விண்டோஸ் எக்ஸ்பி தன் முதல் பகுதியை 63-ஆம் பிரிவில் தொடங்கும். 63 எட்டால் வகுபடாது. ஆகவே எழுத்துகள் எல்லாம் இரண்டு பிரிவுகளின் நடுவே விழுந்தன. வட்டு உள்ளுக்குள் படித்துத் திருத்தி எழுதியது. பாரிட்டியும் சேர்ந்தால் கொடுமை இரட்டிப்பு. 2,048-ஆம் பிரிவில் தொடங்கினால் தீர்ந்தது.

அடுத்தது ஓட்டின் மேல் ஓடு வேய்வது போலத் தடங்களை அடுக்கும் எஸ்எம்ஆர் வட்டுகள். ஒரு தடத்தைத் திருத்தினால் அதன்மேல் படிந்த பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். 2020 ஏப்ரலில், வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில், அதாவது வீட்டு வழங்கிகளுக்கென்றே விற்ற வட்டுகளில், 2 முதல் 6 டெராபைட் வரை சில மாதிரிகள் இந்த வகை என்பது வாங்குபவருக்குச் சொல்லப்படாமலேயே இருந்தது வெளியானது. செத்த வட்டுக்கு மாற்றாக இதைப் போட்டு மீட்க முயன்றவர்களில் சிலருக்கு, வட்டு பாதியில் பதில் சொல்லாமல் நின்று கூட்டத்திலிருந்தே தள்ளப்பட்டது. காவலுக்கு ஆள் இல்லாத நேரத்தில் இப்படி! வழக்குகளும் வந்தன. நிறுவனம் மாதிரிகளின் பட்டியலை வெளியிட்டு, அந்த ஆண்டே பழைய முறை வட்டுகளுக்கு ரெட் பிளஸ் என்று தனிப் பெயர் வைத்தது.

இரண்டு நோய்களையும் பிரித்தறிவது அவ்வளவு கடினமில்லை. பெரிய கோப்பு ஒன்றை எழுதிப் பார்த்தால் முதல் சில ஜிகாபைட் நினைவகத்தால் வேகமாகப் போகும், அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. அதன்பிறகு மெதுவாக, ஆனால் ஒரே சீராக ஓடினால் அது பாரிட்டியின் பழைய கணக்கு. பல ஜிகாபைட் வரை நன்றாக ஓடிவிட்டுத் திடீரென்று படுத்து, சில மணி நேரம் சும்மா விட்டபின் மறுபடி எழுந்தால், வட்டின் மாதிரி எண்ணைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய நேரம்.