வடமொழி நாடகத்தில் சூளுரை

வடமொழி நாடகங்களில் சூளுரை, மாந்தரின் சினத்தை வெளியிடும் கூற்றாக மட்டும் அமைவதில்லை. கதையைத் தொடங்கி முடிக்கும் மொழிச்செயலாகவும் அமைகிறது. கணபதி சாஸ்திரி 1912 முதல் திருவனந்தபுரத்தில் பதிப்பித்த, பாசனுடையவை எனக் கருதப்படும் நாடகங்களுள் பிரதிஞ்ஞாயௌகந்தராயணம் இதற்குத் தக்க சான்றாகும்.

வத்சநாட்டு உதயணனைப் பொய்யானையால் ஏமாற்றி அவந்தி வேந்தன் சிறைப்படுத்துகிறான். அரசனை மீட்காவிடின் தான் யௌகந்தராயணன் அல்லன் என அமைச்சன் (பெருங்கதையின் யூகி) சூளுரைக்கிறான். இந்நிபந்தனைத் தொடரின் முற்பகுதி செயல் நிகழாமையைச் சுட்டுகிறது. பிற்பகுதி பேசுவோனின் பெயரையே மறுக்கிறது. இங்குத் தெய்வம் சான்றன்று, பெயரே பிணை. உதயணன் வாசவதத்தையின்றித் தப்ப விரும்பாமையை அறிந்தபின், அவளையும் உடன்கொணர்வதாக அமைச்சன் மூன்றாம் அங்கத்தில் மீண்டும் சூளுரைக்கிறான்.

புறநானூற்று 72ஆம் பாடலில் நெடுஞ்செழியன் கூறும் வஞ்சினமும் நிபந்தனைத் தொடரே. ஆயின் அவன் பிணை வைப்பன வேறு: பகைவரை வெல்லாவிடின் குடிகள் தன்னைக் கொடியன் எனத் தூற்றுக, புலவர் தன் நாட்டைப் பாடாது விடுக, இரப்போர்க்கு ஈயவியலா வறுமை தன்னை அடைக. வேந்தன் ஈடாக்குவது பிறர் அளிக்கும் மதிப்பும் தன் கொடைத்திறனும். அமைச்சன் ஈடாக்குவது தன் அடையாளம்.

இவ்வேறுபாடு நாடக முடிவையும் விளக்குகிறது. நான்காம் அங்கத்தில் அரசனும் வாசவதத்தையும் தப்பிச் செல்ல, அமைச்சன் பகைவரிடம் பிடிபடுகிறான். ஆயினும் அது அவனுக்குத் தோல்வியன்று. உடல் சிறைப்பட்டாலும், சூள் நிறைவேறியதால் அவன் யௌகந்தராயணனாகவே நிற்கிறான்.