ஜித்தா – மக்கா வாடகைப் பாதை

மக்கா மாநகருக்குத் துறைமுகம் கிடையாது. விமான நிலையமும் கிடையாது. உலகின் எத்திசையிலிருந்து புறப்பட்டாலும், கடல்வழியாகவோ வான்வழியாகவோ வரும் ஹாஜிகளில் பலர் இறங்குமிடம் ஜித்தா. அங்கிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தூரம் தரைவழியே சென்றால்தான் இறையில்லத்தை அடையலாம். கடலைக் கடந்த கதையை நம் முன்னோர் நிறையச் சொல்லியிருக்கிறார்கள். கப்பலில் பட்ட துன்பங்களைப் பாடியும் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கடைசி 80 கிலோமீட்டரின் வரலாற்றை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஊரும் மொழியும் விலைவாசியும் அறியாத ஒரு மனிதர், தம்மை ஏற்றிச் செல்லும் மற்றொரு மனிதரின் நேர்மையை முழுக்க முழுக்க நம்பியிருக்க வேண்டிய தூரம் அது. இந்த நம்பிக்கையைக் காப்பாற்ற ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு வழி தேடியது. அந்தத் தேட்டத்தின் வரலாறே இக்கட்டுரை.

மக்காவின் பழைய துறை ஷுஅய்பா என்னும் இடம். ஹிஜ்ரி 26ஆம் ஆண்டில் (கி.பி. 647) மூன்றாம் கலீஃபா உதுமான் (ரலி) அவர்கள் ஜித்தாவை மக்காவின் துறைமுகமாக்கினார்கள். அன்று முதல் இன்று வரை, ஏறத்தாழ 1,400 ஆண்டுகளாக, ஜித்தா ஹாஜிகளின் வாசலாக விளங்கி வருகிறது. வாசல் ஒன்று ஏற்பட்டதும் அங்கே வாகனம் வைத்திருப்போரும் கூடிவிட்டனர். பயணிகளை வாடகைக்கு ஏற்றிச் செல்வது இப்பாதையின் பழம்பெரும் தொழில்.

இத்தொழிலைப் பற்றிய ஒரு கேள்வி நபித்தோழர்களின் காலத்திலேயே எழுந்துவிட்டது. அபூ உமாமா அத்தைமீ என்பவர் ஹஜ் வழியில் வாகனங்களை வாடகைக்கு விட்டுப் பிழைத்தவர். கூலிக்கு வருகிற உமக்கு ஹஜ் இல்லை என்று சிலர் அவரிடம் கூறினர். மனம் நொந்த அவர் அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களிடம் சென்று முறையிட்டார். இஹ்ராம் அணிகிறீரா, தல்பியா முழங்குகிறீரா, கஃபாவைச் சுற்றி வருகிறீரா, அரஃபாத்திலிருந்து திரும்புகிறீரா என்று அவர்கள் வினவினார்கள். அனைத்துக்கும் அவர் ஆம் என்றார். அப்படியானால் உமக்கு ஹஜ் உண்டு என்று அவர்கள் தீர்ப்பளித்தார்கள். மேலும், இதே கேள்வியுடன் ஒருவர் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வந்ததையும், அவர்கள் மௌனமாக இருந்ததையும், ஹஜ்ஜின்போது இறைவனின் அருளைத் தேடுவதில் குற்றமில்லை என்னும் கருத்துடைய அல்பகரா அத்தியாயத்தின் 198ஆம் வசனம் இறங்கியதையும் எடுத்துரைத்தார்கள். அபூதாவூதின் ஹதீஸ் தொகுப்பில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. ஏறி அமர்ந்தவரின் வணக்கம் ஏற்றிச் சென்றவரின் வணக்கத்தைவிட உயர்ந்ததன்று என்பது இதனால் விளங்குகிறது.

ஆனால் உரிமை வந்தால் பொறுப்பும் உடன் வரும். ஃபிக்ஹு நூல்களில் இஜாரா, அதாவது வாடகை பற்றிய பாடங்கள் விரிவாக உள்ளன. கூலி இவ்வளவு என்பது முன்னரே தெரிந்திருக்க வேண்டும். ஏறும் வாகனம் இன்னது என்பது தெளிவாக வேண்டும். செல்லும் இடமும் ஏற்றும் சுமையும் ஐயமற இருக்க வேண்டும். அறியாமையை மூலதனமாக வைத்து ஒருவர் மற்றவரிடம் பொருள் பறிப்பதைத் தடுப்பதே இந்த நிபந்தனைகளின் நோக்கம்.

நூலில் உள்ள நீதி வழியில் எப்போதும் நடந்ததா? ஸ்பெயினின் கிரனடாவிலிருந்து வந்த இப்னு ஜுபைர் என்னும் பயணியின் குறிப்புகள் இதற்கு விடை தருகின்றன. செங்கடலின் மேற்குக் கரையிலுள்ள ஐதாபிலிருந்து அவர் 1183ஆம் ஆண்டு ஜித்தா வந்து சேர்ந்தார். ஐதாபின் படகுக்காரர்கள் ஹாஜிகளைக் கூண்டில் கோழிகளை அடைப்பது போல அடைத்து ஏற்றியதை அவர் வருத்தத்துடன் எழுதியுள்ளார். ஒரே பயணத்தில் படகின் விலையை எடுத்துவிட வேண்டும் என்பது அவர்களின் ஆசை. ஜித்தாவில் மற்றொரு சோதனை காத்திருந்தது. ஹாஜிகள் மீதான வரியைச் சுல்தான் ஸலாஹுத்தீன் நீக்கி, அதற்கு ஈடாக மக்காவின் அமீருக்குப் பணமும் கோதுமையும் அனுப்ப ஏற்பாடு செய்திருந்தார். அது வந்து சேரத் தாமதமானதால், ஹாஜிகள் ஒருவருக்கொருவர் ஜாமீன் நின்று, தம் பெயர்களைப் பதிவேட்டில் எழுதிக் கொடுத்த பிறகே மக்கா செல்ல அனுமதிக்கப்பட்டனர். ஆகஸ்டு 2ஆம் நாள் மாலை புறப்பட்ட அவர்கள், வழியில் அல்குரைன் என்னுமிடத்தில் பகலைக் கழித்து, 4ஆம் நாள் மக்காவை அடைந்தனர். முன்பின் அறியாதவர்கள் ஒருவர் மற்றவரின் கடனுக்குப் பொறுப்பேற்று ஒரே வழியில் சென்றார்கள் என்பது, அந்த அநீதிக்கு நடுவிலும் நம் நெஞ்சைத் தொடுகிறது.

பல நூற்றாண்டுகள் இப்பாதையில் ஓடிய வாகனம் ஒட்டகம். அதன் முதுகின் இருபுறமும் தொங்கும் குச்சிக்கட்டில் போன்ற அமைப்புக்கு ஷுக்துஃப் என்று பெயர். மேலே பாய் வேய்ந்த கூரை; பக்கத்துக்கு ஒருவராக இருவர் அமர வேண்டும். ஒருவர் மட்டும் ஏறினால் சாய்ந்துவிடும். ஒருவர் கனத்து மற்றவர் மெலிந்திருந்தால் மெலிந்தவர் பக்கம் மூட்டை வைத்துச் சமன்செய்வார்கள். எதிர்ப்பக்கம் அமர்பவரை அரபுகள் அதீல் என்றனர். ஈடு நிற்பவர் என்பது அதன் பொருள். நீதியைக் குறிக்கும் அத்ல் என்னும் சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததே. உடன் சவாரி செய்பவருக்கு ஸமீல் என்று மற்றொரு பெயரும் உண்டு. இன்றைய அரபியில் ஸமீல் என்றால் அலுவலகத் தோழர், வகுப்புத் தோழர் என்று பொருள். ஒட்டக முதுகில் பிறந்த உறவு இன்று அலுவலகத்தில் வாழ்கிறது.

ஸ்விட்சர்லாந்து நாட்டுப் பயணி புர்க்ஹார்ட் 1814ஆம் ஆண்டு இப்பகுதியில் இருந்தபோது இப்பாதையின் நடைமுறையைக் குறித்து வைத்தார். ஒட்டகக் கூட்டம் இரண்டு இரவுகள் நடந்து, இடைப்பகலில் ஹத்தா என்னுமிடத்தில் தங்கி மக்கா செல்லும். அவசரமாகச் செல்வோருக்கு வேறு ஏற்பாடு இருந்தது. இலகுவான சுமையுடன் ஒரு கழுதைக் கூட்டம் மாலைதோறும் ஜித்தாவிலிருந்து கிளம்பி, இரவெல்லாம் நடந்து மறுநாள் காலை மக்காவை அடையும். கடிதங்களும் அதில்தான் சென்றன. நாள் தவறாமல் குறித்த பொழுதில் பலரைச் சேர்த்து ஏற்றிச் சென்ற இந்தக் கழுதைக் கூட்டமே, இன்று ஆள் சேர்ந்ததும் கிளம்பும் வாடகைக் கார்களின் மூதாதை எனலாம்.

நீராவிக் கப்பல்கள் வந்து ஹாஜிகளின் தொகை பெருகியதும் தரகும் பெருகியது. மக்காவில் முதவ்விஃப், ஜித்தாவில் அவருடைய வகீல், ஒட்டகம் பேசித் தரும் தரகர் என்று ஒரு சங்கிலி உருவாயிற்று. முதவ்விஃபை நம் மக்கள் முஅல்லிம் என்றே அழைத்தனர். மொழி தெரியாத ஹாஜிக்கு முஅல்லிம் கண்ணாகவும் காதாகவும் இருந்தார் என்பதை மறுக்க இயலாது. ஆயினும் ஹாஜி கொடுத்த ஒட்டக வாடகையில் ஒவ்வொரு கையும் தன் பங்கை எடுத்துக்கொண்டது. மக்காவின் ஆட்சியாளர்களும் அதில் பங்கு கண்டனர். வெயிலில் ஒட்டகத்தின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நடந்த பதவிக்கு எஞ்சியது சிறு தொகையே.

1925ஆம் ஆண்டு இறுதியில் ஜித்தா அப்துல் அஸீஸ் இப்னு ஸஊதின் வசமாயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் ஹாஜிகளை ஏற்ற மோட்டார் கார்களும் லாரிகளும் இப்பாதையில் பெருகின. இரண்டு இரவுப் பயணம் சில மணி நேரமாகச் சுருங்கியது. காருக்கு அரபு மக்கள் இட்ட பெயர் ஸய்யாரா. திருமறையின் யூசுஃப் அத்தியாயத்தில், கிணற்றிலிருந்து யூசுஃப் (அலை) அவர்களை வெளியே எடுத்த வழிப்போக்கர் கூட்டத்துக்கு வழங்கும் சொல்தான் அது. 1933ஆம் ஆண்டு ஹஜ் செய்த பிரிட்டிஷ் சீமாட்டி எவ்லின் காபோல்ட், மக்காவுக்கும் மதீனாவுக்கும் காரிலேயே சென்று, அந்த அனுபவத்தை மறு ஆண்டு நூலாக வெளியிட்டார். அரசு ஒட்டகத்துக்கும் காருக்கும் கட்டணம் நிர்ணயித்து அறிவித்தது. கூலி முன்னரே தெரிந்திருக்க வேண்டும் என்ற ஃபிக்ஹின் விதி இவ்வாறு அரசாணையாயிற்று. ஆனால் இந்த முன்னேற்றத்துக்கும் விலை கொடுத்தவர்கள் இருந்தனர். தலைமுறை தலைமுறையாக ஒட்டக வாடகையில் பிழைத்த பதவிக் குடும்பங்கள் வருவாய் இழந்தன. சக்கரத்தின் வேகத்தைப் புகழும் வரலாறு அவர்களையும் ஒரு வரியிலேனும் நினைவுகூர வேண்டும்.

அடுத்து வானூர்திக் காலம். 1964ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் தலைவர் மால்கம் எக்ஸ், இஹ்ராம் உடையில் ஜித்தா விமான நிலையத்தில் வந்திறங்கினார். அவர் முஸ்லிம்தானா என்று உறுதிசெய்ய வேண்டியிருந்ததால் அவருடைய பாஸ்போர்ட் வாங்கி வைக்கப்பட்டது. மொழி தெரியாமல், ஹாஜிகள் தங்கும் விடுதியில் பல நாட்டு மக்களிடையே அவர் காத்திருந்தார். தம்மிடமிருந்த ஒரு தொலைபேசி எண் நினைவுக்கு வர, டாக்டர் உமர் அஸ்ஸாமை அழைத்தார். அவர் உடனே வந்து தம் காரில் அவரை அழைத்துச் சென்றார். முன்பின் பார்த்திராத ஒருவர் காட்டிய அந்த உபசரிப்பு, வெள்ளையரைப் பற்றி மால்கம் எக்ஸ் கொண்டிருந்த எண்ணத்தை மாற்றிய நிகழ்ச்சிகளில் ஒன்று. விமான நிலைய வாசலில் ஒரு வழிப்போக்கருக்குக் காட்டப்படும் முகம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1981ஆம் ஆண்டு ஜித்தாவின் வடக்கே மன்னர் அப்துல் அஸீஸ் விமான நிலையம் திறக்கப்பட்டது. 210 கூடாரங்கள் சேர்ந்தது போன்ற கூரையுடைய அதன் ஹஜ் முனையத்துக்கு 1983ஆம் ஆண்டு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. அக்கூரையின் பொறியியலில் முதன்மைப் பங்கு வகித்தவர் டாக்காவில் பிறந்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான். 1982ஆம் ஆண்டு அவர் காலமானதும் ஜித்தாவிலேயே. ஹாஜி வெயிலில் அலையாமல் நிழலில் காத்திருந்து பேருந்து ஏற வேண்டும் என்பதே அக்கட்டடத்தின் கருத்து. ரயிலில் பம்பாய் சென்று கப்பலேறிய நம் ஹாஜிகளின் கடல்வழியும் 1995ஆம் ஆண்டோடு முடிந்தது. பிறகு எல்லாருக்கும் விமானமே வழியாயிற்று.

2018ஆம் ஆண்டு மக்காவையும் மதீனாவையும் ஜித்தா வழியாக இணைக்கும் 450 கிலோமீட்டர் அதிவேக ரயில் தொடங்கியது. ரயிலுக்கு அரபியில் கிதார் என்று பெயர். ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிய ஒட்டக வரிசையைக் குறித்த பழஞ்சொல் அது. ஹஜ்ஜுக்கு வருவோரைப் பேருந்துகள் ஏற்றிச் செல்கின்றன. உம்ராவுக்கு வருவோரில் பலர் டாக்ஸியில் செல்கின்றனர். சிலர் அலைபேசிச் செயலியில் கட்டணம் பார்த்து வண்டி அழைக்கின்றனர். பேரம் பேசத் தெரியாத முதியவருக்குத் தொகையை முன்னரே காட்டும் ஏற்பாடு பெரும் நன்மை. ஆயினும் இருக்கை நிரம்பக் காத்து நிற்கும் காரில், முன்பின் அறியாத மூவருடன் வாடகையைப் பங்கிட்டுச் செல்பவருக்கு, பழைய ஷுக்துஃபின் அதீல் மீண்டும் கிடைக்கிறார்.

வாகனம் மாறியது, பாதையின் கேள்வி மாறவில்லை. ஏறுபவருக்குக் கூலி தெரிந்திருக்கிறதா? ஓட்டுபவருக்கு உரிய பங்கு கிடைக்கிறதா? கட்டண அட்டையும் ரயிலும் செயலியும் முதல் கேள்விக்கு ஓரளவு விடை தந்துள்ளன. இரண்டாவது கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது. இன்று அரபு நாட்டில் வண்டியோட்டிப் பிழைப்போரில் நம் துணைக்கண்டத்துப் பிள்ளைகளும் ஏராளம். ஊரில் குடும்பத்தை விட்டு வந்து, இரவும் பகலும் பிறரை இறையில்லத்தின் வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பும் அவர்களைக் கூலிக்காரர் என்று மட்டும் எண்ணுவோர், இப்னு உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பை மறந்தவராவர். பேசிய கூலியைக் குறையாமல் கொடுப்பதும், கூடுதலாகக் கேளாமல் வாங்குவதும் அப்பாதையில் இருவருக்குமே வணக்கத்தின் ஒரு பகுதியாகும்.