டைம்ஸ் சதுக்கத்தில் இல்லாத முகம்

2021இல் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் ஒரு தமிழ்ப் பாட்டுக்கு விளம்பரப் பலகை ஒளிர்ந்தது. ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாட்டை டிஜே ஸ்னேக் ரீமிக்ஸ் செய்த வடிவம் அது. பலகையில் அவர் இருந்தார், பாடகி தீ இருந்தார். பாட்டை எழுதி, உடன் பாடிய அறிவு இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இதழின் இந்தியப் பதிப்பு தீயையும் ஷான் வின்சென்ட் டி பாலையும் அட்டையில் போட்டது. காரணமாகச் சொல்லப்பட்ட ‘எஞ்சாய் எஞ்சாமி’, ‘நீயே ஒளி’ இரண்டிலும் அறிவின் எழுத்து இருந்தது. பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்ட பிறகுதான் அறிவுக்குத் தனியாக ஒரு இணைய அட்டை வந்தது.

அமெரிக்கப் பாப் இசைக்குச் செல்வமும் கொடியும் பழைய கூட்டாளிகள். லானா டெல் ரே 2012இல் ‘நேஷனல் ஆன்த்தம்’ என்றே ஒரு பாட்டுக்குப் பெயர் வைத்தார். அதில் பணத்துக்குத்தான் கீதம். வீடியோவில் கென்னடியாக வருபவர் கறுப்பின ராப் பாடகர் ஏசாப் ராக்கி. அங்கே கறுப்பரைக் குடியரசுத் தலைவராக உட்கார வைத்துச் சுடவாவது செய்கிறார்கள். நம் கதையில் ஆளே படத்தில் இல்லை.

அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது? அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். 1948இல் அந்த நாடு மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது. 1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. காட்டைத் தோட்டமாக்கியவர்கள் கையில் ஒரு குழி நிலம்கூட இல்லாமல் கப்பலேறினார்கள். அந்த ஒப்பாரிதான் உலக மேடைக்குப் போனது.

இது நமக்குப் புதிதா? ரஞ்சன்குடி கோட்டையைப் பாருங்கள். நவாபுக்குக் கீழிருந்த ஜாகீர்தார் கட்டியது என்போம். 1751இல் முகமது அலி பக்கம் ஆங்கிலேயரும் சந்தா சாகிப் பக்கம் பிரெஞ்சுக்காரரும் நின்று மோதினார்கள் என்போம். கல் சுமந்தவர், அகழி வெட்டியவர் யார் என்று கேட்டால் வரலாற்று ஆசிரியரும் சிரித்து மழுப்புகிறார். 1892இல் நம் மக்களுக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலத்துக்குக் காகிதத்திலாவது பெயர் உண்டு. கோட்டைக்கு அதுவும் இல்லை.

2022 ஜூலை 28. சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. பிரதமர், முதல்வர், ஒளி வெள்ளம். தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் இதே பாட்டைப் பாடினார்கள். அறிவு அப்போது அமெரிக்காவில் இருந்தார்! மாரியம்மாள் அந்த மேடையில் ஏறியது நமக்கு மகிழ்ச்சிதான். தீ மீதும் நமக்குப் பகையில்லை. ஆனால் மெட்டும் சொல்லும் யாருடையவை என்ற சண்டை அன்றைக்குப் பிறகு வீதிக்கு வந்தது. தான் உருவாக்கியது என்றார் அறிவு. இசையமைப்பு தன்னுடையது என்றார் சந்தோஷ் நாராயணன். 2024இல் அவரே, தனக்கும் தீக்கும் அறிவுக்கும் இந்தப் பாட்டால் ஒரு பைசா வரவில்லை என்றார். வெளியிட்ட மாஜா நிறுவனம் வேறு கணக்குச் சொன்னது. டைம்ஸ் சதுக்கத்தின் வெளிச்சத்துக்குக் கீழே இருந்த கல்லாப்பெட்டி இதுதான்.

நியூயார்க் என்றால் அந்தச் சதுக்கம் மட்டுமில்லை, தோழர்களே. 1913இல் அண்ணல் அம்பேத்கர் கொலம்பியாவில் படிக்கப் போன ஊர் அது. 1916 மே மாதம் இந்தியச் சாதிகள் பற்றிய தன் கட்டுரையை அங்கேதான் வாசித்தார். 1973இல் பிராங்க்ஸ் பகுதியின் ஏழைக் கறுப்பின இளைஞர்களிடம் ஹிப் ஹாப் பிறந்ததும் அங்கேதான். அறிவு கையில் எடுத்தது இந்த நியூயார்க்கை. விளம்பரப் பலகை காட்டியது மற்றொன்றை.

சட்டத்தில் ஒரு பிடி இருக்கிறது. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டப்படி பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டி உரிமையைச் சட்டப்படியான வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறு யாருக்கும் எழுதிக் கொடுத்துவிட முடியாது. ஆனால் ஒப்பாரி வைக்கும் அம்மா ஆசிரியர் பட்டியலில் வருவதில்லை. ‘நாட்டுப்புறம்’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். ரஞ்சன்குடி, வாலிகண்டபுரம் சேரிகளில் பாட்டுப் பதிவு செய்யப் போகும் மாணவர்கள் பாடியவர் பெயர், ஊர், தேதி மூன்றையும் அவர் வாயாலேயே சொல்ல வைத்துப் பதிவைத் தொடங்குங்கள். ஒரு பிரதியை அவர் வீட்டிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.