துப்பட்டி

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஆண்டுதோறும் கோடையில் குவில்ட் கண்காட்சி நடக்கிறது. 2003இல் தொடங்கியது. ஒட்டுத்துணிப் போர்வைகளை ஓவியம்போல் சுவரில் மாட்டி வைத்திருப்பார்கள். பார்க்க வருகிறவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும், தொடக் கூடாது. அங்கே தேநீர் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற மூதாட்டி, என் தோளில் கிடந்த போர்வையைப் பார்த்தார். ஐந்து பழஞ்சேலைகளை அடுக்கி நான் தைத்தது. தையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்கள் மொழியில் இதற்கு என்ன பெயர்?" என்று கேட்டார்.

"போர்வை" என்றேன். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

அறைக்குத் திரும்பியபின் அந்தப் பதில் என்னை உறுத்தியது. போர்த்துவது எல்லாமே போர்வைதான். கம்பளியும் போர்வை, சென்னிமலையில் நெய்து வரும் விரிப்பும் போர்வை. பழந்தமிழில் யாழின் மேல் இழுத்துப் போர்த்திய தோலுக்கும் போர்வை என்றே பெயர். துண்டு துண்டாகச் சேர்த்து, அடுக்கி, ஊடும் பாவுமாகத் தையல் ஓட்டிய ஒன்றுக்கு அது தனிப்பெயர் ஆகாது. அன்று முதல் அந்தத் தனிப்பெயரைத் தேடத் தொடங்கினேன்.

தேடப் போன இடங்களில் எல்லாம் நம் ஊர்ப் பெயர்களே எதிரே வந்தன. பினாங்கில் ஒரு துணிக்கடையில் கட்டம்போட்ட கைலியைக் காட்டி விலை கேட்டேன். "காயின் பெலிகாட்" என்றார் கடைக்காரர். மலாய் மொழியில் காயின் என்றால் துணி. பெலிகாட் என்பது நம் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613இல் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டிச் சோழமண்டலக் கரைத் துணியைக் கிழக்குத் தீவுகளுக்கு ஏற்றினார்கள். நான் பழவேற்காட்டுக்கும் போயிருக்கிறேன். கோட்டை இருந்த இடத்தில் மேடும் புதரும்தான் மிச்சம். கல்லறைத் தோட்டத்து வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் காவல் நிற்கின்றன. ஊரில் இடிந்துபோனது மலாய்க்காரர் இடுப்பில் இன்னும் பெயராக நிற்கிறது.

டோக்கியோவில் நிப்போரி என்ற துணிக்கடைத் தெரு இருக்கிறது. பழைய கோடுபோட்ட பருத்திக்கு ஜப்பானியர் வைத்த பெயர்களில் ஒன்று 'சாந்தோமே'. மயிலாப்பூரை அடுத்த சாந்தோம்தான் அது. போர்த்துகீசியர் வைத்த பெயர் துணி மூட்டையோடு கப்பலேறி ஜப்பானில் இறங்கிவிட்டது. கள்ளிக்கோட்டை 'காலிகோ' ஆன கதையை எல்லோரும் அறிவார்கள். நம் பாட்டிமார் 'சீட்டிப் பாவாடை' என்பார்களே, அந்தச் சீட்டி வடக்கே 'சீண்ட்', அதாவது தெளித்தாற்போல் பூப்போட்ட துணி. ஆங்கிலேயர் அதன் பன்மையை ஒருமை என்று எண்ணிக்கொண்டு 'சின்ட்ஸ்' ஆக்கினார்கள். சீட்டி மோகத்தால் உள்ளூர் நெசவு படுத்துவிடும் என்று அஞ்சி, இங்கிலாந்து 1721இல் அச்சடித்த பருத்தியை உடுத்தவும் வீட்டில் பயன்படுத்தவும் தடைச் சட்டம் போட்டது. 1774 வரை அது நீடித்தது. கிடைத்த சீட்டியில் ஒரு நறுக்கைக்கூடப் பெண்கள் வீணாக்கவில்லை. பூவையும் பறவையையும் மட்டும் கத்தரித்து வெள்ளைத் துணியில் ஒட்டித் தைத்தார்கள். அந்த வேலைக்குப் பிற்காலத்தில் கிடைத்த பெயர் 'பாரசீகத் தையல்'. துணி நம் கரையுடையது, பெயர் மட்டும் பாரசீகத்துக்குப் போயிற்று.

இப்படிப் பெயர்களை ஏற்றுமதி செய்த நமக்கு, நான் தோளில் போட்டிருந்த பொருளுக்கு ஒரு பெயர் இல்லாமலா போகும்?

முதலில் தமிழில் துணிக்கு உள்ள சொற்களை வரிசையாக எழுதிப் பார்த்தேன். துணித்தல் என்றால் வெட்டுதல். தறியிலிருந்து வெட்டி எடுத்தது துணி. துண்டும் அதே குடும்பம். சங்க நூல்களில் வரும் 'அறுவை' என்பதும் ஆடைதான், அறுத்து எடுத்ததால் அறுவை. இன்றைக்கு அறுவை என்றால் மருத்துவமனையோ மொக்கைப் பேச்சோதான் நினைவுக்கு வரும். 'கலிங்கம்' என்று ஒரு சொல் உண்டு. அது கலிங்க நாட்டிலிருந்து வந்த துணிக்கு நாட்டின் பெயரையே வைத்தது. ஆக, நம் சொற்கள் துணியை வெட்டும் இடத்தில் நின்று பெயரிடுகின்றன. வெட்டியதைச் சேர்க்கும் இடத்தில் நிற்கும் சொல் அகப்படவில்லை.

சேர்ப்பதற்கு உள்ள சொல் ஒட்டு. சட்டை கிழிந்தால் ஒட்டுப் போடுவோம். ஒட்டுப் போட்டதைக் கட்டிக்கொண்டு வெளியே போகக் கூச்சப்படுவோம். அடுத்து வருவது கந்தை. இதன் வரலாறு கொஞ்சம் வேதனையானது. வடமொழியில் 'கந்தா' என்றால் ஒட்டுப்போட்டுத் தைத்த ஆடை, துறவி போர்த்துவது. அதே சொல் வங்காளத்துக்குப் போய்க் 'காந்தா' ஆயிற்று. பழஞ்சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே பூவும் மீனும் தேரும் தைப்பார்கள். 1929இல் வங்கக் கவிஞர் ஜசீமுத்தீன் 'நக்சி காந்தார் மாட்' என்ற காவியத்தையே எழுதினார். தன் வாழ்க்கையைப் போர்வையில் தைத்து வைத்த ஒரு பெண்ணின் கதை அது. தமிழுக்கு வந்த அதே சொல் கந்தை ஆகி, கந்தலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று பழமொழி அதற்குக் கொஞ்சம் மரியாதை தேடிக் கொடுத்தது. ஆனாலும் அந்த 'ஆனாலும்' என்ற சொல்லிலேயே இழிவு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அண்டை வீட்டார் இப்படி இல்லை. வடகர்நாடகத்தில் கௌதி, மராட்டியத்தில் கோதடி, சிந்துவில் ரல்லி, பீகாரில் சுஜனி. எல்லாம் பழந்துணி அடுக்கிய போர்வைகள், எல்லாவற்றுக்கும் தலைநிமிர்ந்த பெயர். உத்தர கன்னடக் காட்டில் வாழும் சித்திப் பெண்கள் தைப்பது கவந்தி. ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கி வளைந்து வளைந்து தைத்து வருவார்கள். நான்கு மூலையிலும் மடித்த சிறு துணியைப் 'பூ' என்று வைத்துத் தைக்காவிட்டால் வேலை முடிந்ததாகக் கொள்ள மாட்டார்கள்.

வில்பட்டிக்குத் திரும்பிய மார்கழியில் விடை கிடைத்தது. கொடைக்கானலை ஒட்டிய மலையூர் எங்களுடையது. அந்த மாதத்தில் விடியற்காலையில் பூண்டு வயல் வெள்ளையாக உறைபனி பூத்துக் கிடக்கும். பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒரு கனத்த போர்வையை வேலியில் விரித்துக் காயவைத்திருந்தார். நடுவில் மேலிருந்து கீழாக ஒரு நீளத் தையல். இரண்டு பக்கமும் வேறு வேறு கரை. தொட்டுப் பார்த்தேன். இரண்டு அகலத் துணியை அருகருகே வைத்துச் சேர்த்திருந்தது. தேய்ந்த இடங்களில் உள்ளே வேட்டி, சேலை, எதுவோ ஒரு பையனின் பள்ளிச் சட்டை.

"இதுக்கு என்ன பேரு பெரியம்மா?"

"என்னத்தா புதுசா கேக்குற? துப்பட்டிதான்."

சின்ன வயதில் நூறு முறை கேட்ட சொல். கேட்டதனாலேயே காதில் விழாமல் போன சொல். அன்றுதான் அதைப் பிரித்துப் பார்த்தேன்.

முதலில் என் ஆசை என்னை ஏமாற்றியது. பஞ்சின் நுனிக்குத் துய் என்று பெயர். துய் கூட்டல் பட்டி, பஞ்சுப் பட்டி என்று ஒரு நாள் முழுக்க மகிழ்ந்திருந்தேன். அழகான பிரிப்பு, ஆனால் தப்பு. சொல்லாராய்ச்சியில் அழகாகத் தெரிவதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். துப்பட்டி இந்துஸ்தானியிலிருந்து வந்த சொல். 'து' என்பது இரண்டு, 'பட்டா' என்பது அகலத் துணி. இரண்டு அகலம் சேர்த்தது துபட்டா. தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னல், யூல் என்பவரோடு சேர்ந்து தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதியும் இதற்கு இரண்டு அகலத் துணி என்றே பொருள் தருகிறது.

ஏன் இரண்டு அகலம்? காரணம் நெசவாளியின் கை நீளம். குழித்தறியில் உட்கார்ந்து ஊடுநூல் ஏற்றிய நாடாவை ஒரு கையால் வீசி மறு கையால் பிடிக்கும்வரை, துணியின் அகலம் இரண்டு கை எட்டும் தூரத்தைத் தாண்டாது. இங்கிலாந்தில் ஜான் கே 1733இல் கயிறிழுத்தால் தானே பறக்கும் நாடாவைச் செய்த பிறகுதான் ஒற்றை ஆள் அகலத் துணி நெய்ய முடிந்தது. அதற்கு முன் ஆள் முழுதாகப் போர்த்திக்கொள்ள வேண்டுமானால் இரண்டு துணியைப் பக்கவாட்டில் வைத்துத் தைப்பதே வழி. பெரியம்மாவின் போர்வையில் நடுவே ஓடிய தையல்தான் இந்தச் சொல்லின் நடுவிலும் ஓடுகிறது.

தமிழ் வாய் இதை மாற்றிய விதமும் பார்க்கத் தக்கது. நமக்குச் சொல்லின் இடையில் ஒற்றைப் பகரம் வந்தால் ஓசை மெலிந்துவிடும். வல்லோசையைக் காப்பாற்ற எழுத்தை இரட்டிப்போம். இந்துஸ்தானி டோபி தொப்பி ஆனதும், போர்த்துகீசிய சபாத்து சப்பாத்து ஆனதும் அப்படித்தான். துபட்டா துப்பட்டி ஆனதும் அதே வழியில். தெலுங்கிலும் கன்னடத்திலும் ஒற்றை டகரத்தோடு துப்படி என்பார்கள். மலையாளத்திலும் துப்பட்டி உண்டு. கண்டி அரசில் பிரதானிகள் இடுப்பில் அடுக்கடுக்காகச் சுற்றிய வெள்ளைத் துணிக்குச் சிங்களத்தில் 'துப்பொட்டிய' என்று பெயர். அதிலும் இந்தச் சொல்லின் சாயல் கேட்கிறது.

வந்த சொல் தமிழில் மூன்று இடத்தில் குடியேறியது. குளிருக்குப் போர்த்தும் முரட்டுத் துப்பட்டி ஒன்று. காயல்பட்டினம் முதலிய ஊர்களில் முஸ்லிம் பெண்கள் வெளியே போகும்போது தலையிலிருந்து போர்த்திக்கொள்ளும் வெள்ளைத் துப்பட்டி இன்னொன்று. மூன்றாவதை நாமே மறுபடி வாங்கினோம். சுடிதார் வந்தபோது அதன் மேலே போடுவது 'துப்பட்டா' ஆயிற்று. பாட்டி துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு திண்ணையில் இருக்க, பேத்தி துப்பட்டாவைத் தோளில் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போகிறாள். இரண்டும் ஒரே சொல் என்பது இருவருக்கும் தெரியாது.

இனி எங்கள் ஊர்ப் பெயருக்கு வருகிறேன். வில்பட்டியின் பட்டியும் துப்பட்டியின் பட்டியும் ஒன்றா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. இல்லை. ஊர்ப் பட்டி திராவிடச் சொல். ஆடுமாடு அடைக்கும் தொழுவம், பிறகு அதைச் சுற்றி எழுந்த குடியிருப்பு. மாட்டுப் பொங்கலைப் பட்டிப் பொங்கல் என்பது அதனால்தான். கன்னடத்தில் பகரம் ஹகரமாக மாறியதால் அது ஹட்டி. நீலகிரியில் படுகர் ஊரை ஹட்டி என்று சொல்லும்போது எங்கள் பட்டியின் அண்ணன் தம்பியைத்தான் சொல்கிறார்கள். வில் என்ற முன்பாதியைக் கதை சொல்கிறவர்களுக்கு விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும் சொல்லலாம். இலக்கணப்படி சேர்த்தால் விற்பட்டி என்று வர வேண்டும், கோவில்பட்டியைக் கோவிற்பட்டி என்றும் எழுதுவதுபோல. ஊர் வாய் அந்தப் புணர்ச்சிக்கு இணங்காமல் லகரத்தை அப்படியே வைத்துக்கொண்டது.

துணிப் பட்டியோ வேறு குலம். பட்டா, பட்டை என்ற நீளத் துணிக் குலம். தையல்காரர் சட்டைக்கு வைக்கும் பட்டன் பட்டியும், முதல் உலகப் போரில் சிப்பாய்கள் காலில் சுற்றிய 'புட்டீ' என்ற துணிச் சுற்றும் இந்தக் குலத்தவை. ஒலி ஒன்றாக இருப்பதால் உறவு என்று நம்பிவிடக் கூடாது. இதற்கு ஒரு வெளிநாட்டுச் சாட்சியும் உண்டு. சமர்கந்தில் அஃப்ராசியாப் என்ற பழைய நகரத்தின் மண்மேட்டில் நின்றபோது கந்தைதான் என் நினைவுக்கு வந்தது. சமர்கந்த், தாஷ்கந்த் என்பவற்றின் ஈற்றில் இருப்பது நகரம் என்று பொருள்படும் பழைய சொல். பாணினியும் 'கந்தா' என்று முடியும் ஊர்ப்பெயர்களுக்கு விதி சொல்லியிருக்கிறார். அங்கே கந்தா ஊரும், கந்தா ஒட்டுத்துணியும். இங்கே பட்டி ஊரும், பட்டி துணியும். இரண்டு இடத்திலும் ஒலி மட்டுமே ஒன்று.

துப்பட்டி பிறமொழிச் சொல்தானே, அதைப் போய்த் தமிழ்ப் பெயர் என்று சொல்லலாமா என்று கேட்பீர்கள். குவில்ட் என்பதும் இங்கிலாந்தில் பிறந்ததல்ல. மெத்தையைக் குறித்த 'குல்கிதா' என்ற லத்தீன் சொல் பிரெஞ்சு வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது. எந்த மொழியும் அடுத்த வீட்டுத் துணியை வாங்கித் தன் துணியோடு சேர்த்துத்தான் தைக்கிறது. பல தலைமுறைகளாக மலையூர்க் குளிரைத் தாங்கிய சொல்லுக்கு அதற்கு மேல் சான்றிதழ் வேண்டாம்.

தேய்ந்த துணிகளை அடுக்கி, சேர்த்து, தையலோட்டிப் போர்த்தும் பொருளுக்குத் தமிழில் பெயர் துப்பட்டி. குவில்ட் என்று எழுதும் இடத்தில் நான் இனி அப்படித்தான் எழுதப் போகிறேன். உங்கள் ஊரில் இதற்கு வேறு பெயர் இருக்கலாம். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் இன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த குளிருக்குள் அந்தப் போர்வை கரித்துணியாகிவிடும், பெயரும் அதோடு போய்விடும்.