அரசாங்கக் கணினிகளின் ஒத்திகை

சுன்னாகச் சந்தையடியில் மோட்டார்ச் சைக்கிளை நிறுத்திவிட்டு, அவ்வாண்டுக்கான வாகன வரி அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கச் செல்லும் ஒருவர், தாம் எத்தனை வாயில்களைத் தட்டுகிறார் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. காப்புறுதி விவரம் ஒரு கம்பனியிடம் இருக்கிறது. புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேறொரு நிறுவனத்திடம் இருக்கிறது. வண்டியின் பதிவு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் ஏட்டில் இருக்கிறது. வரியை அறவிடும் உரிமையோ மாகாணத்துக்கு உரியது. முன்னெல்லாம் இவை யாவும் கடதாசிகளாய் ஓர் உறையினுள் அடங்கி, பிரதேச செயலக வரிசையிலே வண்டிக்காரரோடு கூடவே நின்றன. இணையவழி அனுமதிப்பத்திரம் வந்தபின்னர், கடதாசி நடந்த வழியிலே வினா நடக்கிறது. ஒரு கணினி மற்றொரு கணினியைக் கேட்கிறது. அது விடை சொல்கிறது. விடை வராவிடின் வண்டிக்காரர் காத்திருக்கிறார்.

அரசாங்க மென்பொருள்கள் பழுதுபடும் இடம் பெரும்பாலும் இந்த மூட்டுவாய்தான். தன் வீட்டுக்குள்ளே ஒழுங்காக நடமாடும் மென்பொருள், அயல்வீட்டு வேலியண்டை போனவுடன் தடுமாறுகிறது. அவ்விடத்தை முன்கூட்டியே சோதித்துப் பார்க்கலாமே என்று எவரும் கேட்பர். ஆனால் அஃது எளிதன்று. திணைக்களத்தின் உண்மை ஏட்டிலே ஆயிரக்கணக்கான பொய் வினாக்களை எழுப்ப எவரும் இடங்கொடார். காப்புறுதிக் கம்பனியின் கணினி, சோதிப்பவருக்கு வேண்டிய வேளையிலே ஓய்வாக இருப்பதில்லை. சில சமயங்களில் மறுபக்கத்து மென்பொருள் இன்னும் எழுதப்பட்டே இராது.

இத்தகைய இக்கட்டுக்கு மாற்று எதுவென்பதைக் கூத்துப் பழக்கிய அண்ணாவிமார் நன்கு அறிந்திருந்தனர். இரவு வேளைகளிலே கூத்துப் பழகும்போது, அரசன் வேடக்காரர் ஏதோ அலுவலாய்க் கொழும்புக்குப் போய்விட்டால், அதற்காக ஒத்திகை நின்றுவிடாது. அண்ணாவியாரே அரசனின் பாட்டை எடுத்துப் பாடுவார். மந்திரியாக வருபவர் அதற்கேற்பத் தம் பங்கை ஆடிப் பழகுவார். மென்பொருட் கலையிலே இந்த ஏற்பாட்டுக்குச் சேவை மெய்நிகராக்கம் என்று பெயர். உண்மையான திணைக்களத்தின் கணினிக்குப் பதிலாக, அதைப்போலவே விடைசொல்லும் ஒரு சிறு மென்பொருளை நிறுத்துகிறார்கள். அதனைப் பதிலி என்று அழைக்கலாம். உண்மைக் கணினிக்கு வந்த வினாக்களையும் அது தந்த விடைகளையும் சிலநாள் பதிந்துகொண்டு, பின்னர் அவ்வாறே ஒப்புவிக்கவும் பதிலிக்குக் கற்பிக்கலாம். புதிய மென்பொருள் தான் பேசுவது திணைக்களத்தோடு அன்று என்பதை அறியமாட்டாது.

இந்தப் பெயர் புதியதாயினும் முறை பழையது. அது பிறந்ததும் ஓர் அரசாங்க வேலையிலேதான். 1949 ஆம் ஆண்டிலே சோவியத் ஒன்றியம் அணுகுண்டைப் பரீட்சித்த பின்னர், தன் வான்வெளியைக் காக்க வேண்டுமென்ற அச்சம் ஐக்கிய அமெரிக்காவைப் பற்றிக்கொண்டது. பல ராடார் நிலையங்களின் செய்திகளை ஒரே கணினிக்குக் கொணர்ந்து பகைவிமானத்தை இனங்காணும் பெருந்திட்டம் தொடங்கப்பட்டது. சேஜ் என்பது அதன் பெயர். பகைவர் உண்மையில் வரும்வரை காத்திருந்து இதனைச் சோதிக்க இயலுமா? 1952 இலே கலிபோர்னியாவின் சாண்டா மொனிக்கா நகரில் ராண்ட் நிறுவனத்தார், வான்காப்பு நிலையம் ஒன்றை அப்படியே ஓர் அறைக்குள் அமைத்தனர். ராடார்த் திரையிலே தோன்றவேண்டியவற்றை ஒரு கணிக்கும் பொறி தாளில் அச்சிட்டுக் கொடுத்தது. அயல் நிலையங்களும் மேலிடத்துத் தலைமையகமும் அங்கே இல்லை. அவற்றின் குரலாக ஆய்வுகூட ஊழியர்களே தொலைபேசியிற் பேசினர். முதலில் அவ்வறையில் இருந்து கடமை பார்த்தவர்கள் கல்லூரி மாணவர்கள்; பின்னரே விமானப்படையினர் வந்தனர். இல்லாத அலுவலகங்கள் இருப்பனபோல நடத்தப்பெற்ற அந்த அறையையே இவ்வரலாற்றின் முதலேடு எனலாம்.

சேஜ் மென்பொருளை ஆக்கியோருள் ஒருவரான ஹெர்பேர்ட் பெனிங்டன், 1956 ஜூனிலே நடந்த ஒரு மகாநாட்டில் தம் அனுபவத்தை எடுத்துரைத்தார். ஒவ்வொரு பகுதியையும் முதலிலே தனியாகச் சோதிக்க வேண்டும், அப்போது அதனைச் சுற்றியுள்ள ஏனைய பகுதிகளைப் போலியாக அமைத்துக்கொள்ள வேண்டும், அந்தப் போலிச் சூழல் இன்னதென்பதையும் எழுத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது அவர் விளக்கிய முறை. பகுதிகளைப் படிப்படியாக ஒன்றுசேர்க்கும்போது முதலிலே போலித் தரவும், அதன் பின்னரே உண்மைத் தரவும் ஊட்டப்பட்டன. எழுபது ஆண்டுகள் ஆகப்போகின்றன. இன்றைய பாடநூல்கள் இதனிலும் அதிகமாகச் சொல்லுகின்றன என்று கூறுவதற்கில்லை.

பதிலி நல்லபிள்ளையாக மாத்திரம் நடந்துகொண்டால் அதனாற் பயன் சிறிதே. இதனை உலகம் கண்டது 1969 இலே. அப்பொல்லோ 11 புறப்படுவதற்கு முன்னர், ஜூலை 5 ஆம் நாள், ஹூஸ்டன் கட்டுப்பாட்டு நிலையத்தில் இறுதி ஒத்திகைகளுள் ஒன்று நடந்தது. பணியாளரின் மேசைத் திரைகளிலே தோன்றிய இலக்கங்கள் வானிலிருந்து வந்தவை அல்ல. ஒத்திகைக் கணினிகள் அனுப்பியவை. ஒத்திகையை நடத்தியவர்கள் வேண்டுமென்றே, எவரும் எதிர்பாராத ஓர் அபாயக் குறியை, 1201 என்னும் இலக்கத்தை, இடையே புகுத்தினர். வழிகாட்டற் பொறுப்பிலிருந்த 26 வயது இளைஞர் ஸ்டீவ் பேல்ஸ் அதன் பொருள் தெரியாது, இறக்கத்தைக் கைவிடுமாறு கூறினார். தலைவர் ஜீன் கிரான்ஸும் அவ்வாறே கைவிட்டார். ஒத்திகை முடிந்தபின், கைவிட்டது பிழை, தொடர்ந்து இறங்கியிருக்கலாம் என்று அறிவிக்கப்பட்டது. அதன் மேல் அபாயக் குறிகள் அத்தனைக்கும் பொருளெழுதிய பட்டியல் ஒன்றை ஜாக் கார்மன் என்பவர் ஆயத்தஞ் செய்தார். பதினைந்து நாள் கழித்து, உண்மையான சந்திரனுக்கு மேலே 1202 என்னும் குறி தோன்றியபோது, தொடர்ந்து செல்லலாம் என்ற விடை சில கணங்களிலே கிடைத்தது. பதிலி அன்று குறும்பு செய்திராவிட்டால், ஜூலை 20 ஆம் நாள் வேறுவிதமாக முடிந்திருக்கவும் கூடும்.

ஆயினும் பதிலியை அளவுக்கு மிஞ்சி நம்பியதால் வந்த கேடும் உண்டு. ஐரோப்பியரின் ஏரியன் 5 ஏவுகலம் 1996 ஜூன் 4 ஆம் நாள் தன் முதற்பயணத்திலே, ஏறத்தாழ 40 வினாடிகளுள் வானிற் சிதறியது. அதன் திசையையும் வேகத்தையும் அறிவிக்கும் சடத்துவ வழிகாட்டிக் கருவி, பழைய ஏரியன் 4 இலிருந்து கொண்டுவரப்பட்டது. புதிய கலத்தின் கிடைவேகம் மிகுதி; அந்த எண் கருவிக்குள் ஒதுக்கப்பட்டிருந்த இடத்தில் அடங்காமற் போகவே, கருவி செயலிழந்தது. இதனை ஒத்திகையிலே கண்டிருக்கக்கூடாதா? ஒத்திகை நடந்தது உண்மை. ஆனால் முழுக்கலத்தையும் சேர்த்துச் சோதித்தபோது அக்கருவி அங்கே இல்லை. அதற்குப் பதிலாக ஒரு மென்பொருட் பதிலியே விடை சொல்லிக்கொண்டிருந்தது. பழகிய கருவிதானே என்ற எண்ணம். கணிதமேதை ஜாக் லூயி லியோன்ஸ் தலைமையில் ஆராய்ந்த குழு, உண்மைக் கருவியின் பெரும்பகுதியை ஒத்திகையிற் சேர்த்திருக்க முடியும் என்று எழுதிவைத்தது. அண்ணாவியார் எந்நாளும் அரசன் பாட்டைச் சுருதி பிசகாமற் பாடிக்கொண்டே இருந்தால், அரங்கேற்ற இரவிலே மேடையேறும் அரசனின் தொண்டை கட்டியிருப்பதை எவர் அறிவார்?

இதன்பின் இம்முறை வணிகப் பொருளாயிற்று. சேவை மெய்நிகராக்கம் என்ற பெயரைப் பரப்பிய ஐ.டி.கே.ஓ. என்னும் கம்பனியை 2011 இலே சி.ஏ. நிறுவனம் வாங்கியது, அதே முறைக்கான கருவிகளைச் செய்த கிரீன் ஹட் கம்பனியை அடுத்த ஆண்டிலே ஐ.பி.எம். வாங்கிற்று. இலவசமாகக் கிடைக்கும் கருவிகளும் தோன்றின. இந்தப் பகுதியில் வரலாற்றுச் சுவை குறைவு.

கருவிகள் கிடைத்த பின்னரும் அரசாங்கங்கள் ஒத்திகையைப் புறக்கணித்தமைதான் வியப்பு. 2013 ஒக்டோபர் 1 ஆம் நாள் ஐக்கிய அமெரிக்கா திறந்த சுகாதாரக் காப்புறுதி இணையத்தளம், விண்ணப்பிப்பவரின் அடையாளத்தையும் வருமானத்தையும் குடியுரிமையையும் வெவ்வேறு திணைக்களங்களிடம் கேட்டறிய வேண்டியிருந்தது. முதல்நாள் முடிவிலே காப்புறுதி பெற்றோர் 6 பேர் என்று பின்னர் வெளியான குறிப்புகள் காட்டின. காங்கிரஸ் சபைக்குழுவின் முன் தோன்றிய ஒப்பந்தக்காரர்கள், தத்தம் பகுதியைத் தாங்கள் சோதித்ததாகவும், தொடக்கம் முதல் முடிவுவரை ஒருங்கே சோதிக்கும் வேலை திறப்பு விழாவுக்கு இரண்டு வாரம் முன்னரே தொடங்கியதாகவும் கூறினர். எல்லாரும் தம் பாடம் மனனம் என்றனர். கூத்தை முழுதாக ஆடிப் பார்த்தவர் இல்லை.

இந்தியாவும் இதற்கு விலை கொடுத்தே கற்றது. 2017 ஜூலை 1 இலே சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்தது. அதன் தொடர்ச்சியாக, 50,000 ரூபாவுக்கு மேற்பட்ட சரக்கை ஏற்றிச்செல்வோர் இணையவழியே பெறவேண்டிய வழிச்சீட்டு முறை, 2018 ஜனவரி நடுப்பகுதி முதல் வெள்ளோட்டம் பார்க்கப்பட்டு, பெப்ரவரி 1 இலே கட்டாயமாக்கப்பட்டது. வெள்ளோட்டத்திலே காணாத நெரிசலை அந்த ஒரே நாளிற் கண்டு தளம் திணறவே, அன்றே ஒத்திவைக்கப்பட்டு, ஏப்ரல் 1 இல் மாநிலங்களுக்கிடையிலான சரக்குக்கு மட்டும் மறுபடி தொடங்கியது. 2020 ஒக்டோபர் 1 இலே 500 கோடி ரூபாவுக்கு மேற்பட்ட வணிகமுடைய கம்பனிகளுக்கு மின்விலைப்பட்டியல் முறை வந்தபோது, அவை தம் மென்பொருளைப் பழக்கிப் பார்ப்பதற்கென்றே உண்மைத் தளத்தைப் போன்ற வேறொரு பரீட்சைத் தளம் திறந்துவிடப்பட்டது. ஆதார் அதிகாரசபையும், எந்தக் குடிமகனுக்கும் உரியதல்லாத பரீட்சை இலக்கங்களை மென்பொருளாளருக்கு வழங்குகிறது. இல்லாத மனிதருக்கு அடையாள இலக்கம் கொடுப்பது கேட்பதற்கு வேடிக்கையாயினும், உள்ள மனிதரைக் காப்பதற்கு அதுவே வழி.

இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவரகம் அமைந்தது. ஒரு திணைக்களத்தின் விடை மற்றத் திணைக்களத்துக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதை 2022 ஜூலையிலே பெற்றோல் வரிசையில் நின்ற அனைவரும் உணர்ந்தனர். தேசிய எரிபொருள் அனுமதி முறையிலே பதிந்துகொள்வதற்கு, வண்டியின் இலக்கமும் அடிச்சட்ட இலக்கமும் மோட்டார் திணைக்களத்து ஏட்டோடு பொருந்த வேண்டும், பொருந்தினாலே கியூ.ஆர். குறியீடு, குறியீடு இருந்தாலே மோட்டார்ச் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். 2023 செப்டெம்பரில் அம்முறை நிறுத்தப்பட்டது. அந்த வரிசைகளிலே, மூட்டுவாயில் வரும் பிழை வெறும் கணினிப் பிழையாக இருக்கவில்லை. ஒருவரின் கூலிவேலையும் ஒரு நோயாளியின் பயணமும் அதிலே தங்கியிருந்தன.

பதிலிக்கு விடை கற்பிக்கும்போது, குடிமக்களின் உண்மை விவரங்களைப் பதிந்து அப்படியே வைத்துக்கொள்வது முறையன்று. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்நாட்டின் ஏடுகளுக்கும் உரியது. பெயரையும் இலக்கத்தையும் மறைத்து, கற்பிதப் பெயர்களை இடவேண்டும். இங்கேதான் வடபகுதிக்கு உரிய ஒரு சிக்கல் எழுகிறது. கற்பிதப் பெயர்ப் பட்டியலை எழுதுபவர் அதனை ஒழுங்காக எழுதிவிடுகிறார். ஏடுகளோ அவ்வாறு ஒழுங்காக இல்லை. சண்முகநாதன் என்னும் பெயர் ஒரு திணைக்களத்தின் ஏட்டிலே எஸ் என்ற ஆங்கில எழுத்தோடு மாத்திரம் தொடங்கும். இன்னொன்றிலே எஸ், எச் என்ற இரண்டெழுத்தோடு தொடங்கும். ஓரிடத்தில் தந்தை பெயர் முதலெழுத்தாகச் சுருங்கி முன்னே நிற்கும். ஓரிடத்தில் முழுதாக விரிந்து குடும்பப் பெயராய்ப் பின்னே நிற்கும். போரிலே பதிவேடுகள் அழிந்து, மீள எழுதப்பட்ட இடங்களில் மூன்றாவது வடிவம் ஒன்றும் உண்டு. காப்புறுதிக் கம்பனியின் பதிலியும் மோட்டார் திணைக்களத்தின் பதிலியும் ஒரே எழுத்திலே பெயரைச் சொல்லிக்கொடுத்தால் ஒத்திகை இனிது நிறைவேறும். ஒன்று ஓர் எழுத்தோடும் மற்றையது ஈரெழுத்தோடும் சொல்லவேண்டும். ஒன்று சொல்லாமலே அரைநிமிடம் மௌனமாயிருக்கவும் வேண்டும். அவ்வேளையில் புதிய மென்பொருள் அந்த இரு சண்முகநாதரும் ஒருவரே என்று ஐயுற்று மறுபடி கேட்கிறதா, அன்றி வண்டிக்காரரைச் சுன்னாகத்திலிருந்து கொழும்புக்கு அனுப்புகிறதா என்பதை அப்போதே காணலாம்.