கிணற்றுக்கு ஒரு தோல், பறைக்கு ஒரு தோல்

மாடு பூட்டிக் கிணற்று நீரைக் கவலையில் இறைத்த காலத்தில் ஊரில் செத்த மாட்டின் தோல் இரண்டு வழியில் போனது. ஒன்று கிணற்றுக்கு: நீர் மொள்ளும் சாலின் அடியில் யானைத் தும்பிக்கைபோலத் தொங்கும் தோல்வாலாக. மற்றொன்று பறைக்கு. முன்னது நாள் முழுக்க நீரில் மூழ்கி எழ வேண்டும். பின்னதோ ஈரக்காற்று பட்டாலே தொய்ந்துவிடும்.

மயிரை நீக்கி, உட்புறச் சவ்வையும் கொழுப்பையும் வழித்தெடுக்கும் வரை இரண்டுக்கும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். அதற்குப் பிறகுதான் பாதை பிரிகிறது.

சாலுக்குப் போகும் தோலை ஆவாரம்பட்டை இடித்து ஊறவைத்த நீரில் போடுவார்கள். எடுத்த எடுப்பில் கெட்டிச் சாற்றில் போட்டால் மேற்பரப்பு மட்டும் துவர்ப்பேறி இறுகிக்கொள்ளும். சாறு உள்ளே இறங்காமல் நடுப்பகுதி பச்சையாகவே நின்று பின்னால் அழுகும். அதனால் முதலில் சத்து இறங்கிய பழைய சாறு, பிறகு நாளாக நாளாகப் புதிய சாறு. கனத்த மாட்டுத்தோலுக்கு வாரக்கணக்கில் ஆகும். ஓரத்தைச் சிறிது வெட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்: நடுவில் வெளிறிய கோடு இருந்தால் தோல் இன்னும் ஊற வேண்டும். பட்டையின் துவர்ப்பு தோலின் நாரோடு நாராகப் பிணைந்துவிட்ட பின் நீரில் கிடந்தாலும் எளிதில் அழுகாது. ஆவாரந்தோலுக்கு ஒரு குறை உண்டு. வெளிச்சம் பட்டால் சிவந்துபோகும். அதைத் தடுக்கக் கடுக்காய்ச் சாற்றிலும் முக்குவார்கள். கடைசியில் எண்ணெய் பூசினால் காய்ந்தாலும் வளையும்.

பறைத்தோலுக்குப் பட்டையும் இல்லை, எண்ணெயும் இல்லை. இழுத்துக் கட்டி வெயிலில் உலர்த்துவதுதான் அதன் பாதுகாப்பு. ஈரம் இல்லாத இடத்தில் கிருமிக்கு வேலை இல்லை. உலரும்போது நார்கள் ஒன்றோடொன்று ஒட்டி, தோல் கொம்புபோல விறைக்கிறது. மீண்டும் நனைத்து மரச்சட்டத்தில் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி உலரவிட்டால், சுருங்கிச் சுருங்கித் தானே விசை ஏற்றிக்கொள்ளும். பதனிட்ட தோலை அங்கே ஒட்டிப் பாருங்கள். நார்கள் விலகி, எண்ணெய் ஊறிய அந்த மென்மை, அடிக்கும் அடியை விழுங்கிவிடும். நல்ல செருப்பு ஆகும், பறை ஆகாது.

இப்படிப் பதனிடாத பச்சைத்தோலை அரைகுறை வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தோல் நீருக்கு மசிவதைப் பதனிடுபவர் ஒழித்துக்கட்டுகிறார். பறை கட்டுபவர் அதையே கருவியாக்கிக்கொள்கிறார். ஆட்டத்துக்கு முன் வைக்கோலைக் கொளுத்தி அனல் காட்டுவதும் அதனால்தான்: தோல் குடித்த ஈரம் வெளியேற, தொய்வு நீங்கி ஒலி கணீரென்று ஏறும். இதிலும் கணக்குத் தப்பக் கூடாது. சொட்டச் சொட்ட நனைந்த பச்சைத்தோல் சுமார் 60 டிகிரி சூட்டைத் தாண்டினாலே சுருண்டு பாழாகும். பட்டையில் பதனிட்டது 75 டிகிரி வரையாவது தாங்கும். எவ்வளவு நெருங்கலாம் என்பதைப் பறையடிப்பவரின் உள்ளங்கைதான் சொல்லும்.

இரண்டு கைத்திறனையும் ஒடுக்கப்பட்ட சாதிகளின் தலையில் சுமத்தி, தோலைத் தொட்டதற்காகவே தள்ளியும் வைத்தது ஊர். அந்தத் தோல்வால் இறைத்த நீரில் விளைந்த நெல்லுக்கு மட்டும் தீட்டு இல்லை.

முதலில் மாற்றம் வந்தது சாலுக்குத்தான். 1900களின் தொடக்கத்தில் பொறியாளர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில், பட்டைக்குப் பதில் குரோம் உப்பால் பதனிடுவதைச் சோதித்தபோது, அவர் மனத்தில் இருந்த பொருள்களுள் ஒன்று இந்த நீர் இறைக்கும் தோல். பின்னர் பம்புசெட் வந்து கவலையையே கிணற்றடியிலிருந்து அகற்றியது. ஆவாரம்பட்டை செருப்புக்கும் பைக்குமான தோலோடு நின்றுகொண்டது. பறைக்கு இப்போது பிளாஸ்டிக் முகம் வந்திருக்கிறது. மழையில் நனைந்தாலும் தொய்யாது. வைக்கோல் தேட வேண்டியதும் இல்லை. ஆனாலும் தோல்பறை வைத்திருப்பவர்கள், அடைமழை நாளில்கூட, தாழ்வாரத்து ஓரமாக ஒரு பிடி காய்ந்த வைக்கோல் ஒதுக்கி வைக்கிறார்கள்.