எம்.யு.சி. எழுதிய காதல் கடிதம்

1952-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஃபெரான்டி மார்க் 1 கணினி காதல் கடிதம் எழுதியது. நிரல் எழுதியவர் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி. சங்கதி ரொம்ப எளிது. இரண்டே வாக்கிய அச்சுகள், கொஞ்சம் சொற்பட்டியல்கள். எந்தச் சொல் எங்கே விழும் என்பதை ஒரு தற்செயல் எண் முடிவு செய்யும். அடியில் 'எம்.யு.சி.' என்று கையொப்பம்: மான்செஸ்டர் யுனிவர்சிட்டி கம்ப்யூட்டர். யாருக்கும் யார்மேலும் காதல் கிடையாது. ஆனாலும் படித்தால் எவனோ உருகித் திணறுகிற மாதிரி இருக்கும். அந்த 'எவனோ' வாசிக்கிறவர் தலைக்குள் இருக்கிறான்.

1966-ல் எம்ஐடியின் ஜோசப் வைசன்பாம், எலிசா என்ற நிரலைப் பற்றி எழுதினார். நாம் தட்டச்சு செய்வதையே, மனநல மருத்துவர் பாணியில், கேள்வியாகத் திருப்பிப்போடும் நிரல் அது. அவர் மாதக்கணக்கில் அதை உருவாக்குவதைக் கூடவே இருந்து பார்த்தவர் அவருடைய செயலாளர். அவரே எலிசாவுடன் நாலு வரி பேசியதும், வைசன்பாமைக் கொஞ்சம் அறைக்கு வெளியே போகச் சொன்னார். மெஷின்தான் என்று தெரிந்தே!

அன்று இல்லாத ஆளை இருப்பதாக நினைத்துப் படித்தார்கள். இப்போது கதை தலைகீழ்.

2024-ல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் பிரையன் போர்ட்டரும் எதுவார் மஷெரியும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஷேக்ஸ்பியர், எலியட் உள்ளிட்ட 10 ஆங்கிலக் கவிஞர்கள். அவர்கள் பாணியில் சாட்ஜிபிடி எழுதிய கவிதைகள். எது யாருடையது என்று சொல்ல 1,634 பேர். சரியாகச் சொன்னது 46.6 சதவீதம். காசு சுண்டிப் போட்டாலே 50 வரும். 'மனிதர் எழுதியது' என்ற ஓட்டு மிகக் குறைவாக விழுந்த ஐந்து கவிதைகளும் மனிதர்கள் எழுதியவை. ஆய்வாளர்கள் தரும் விளக்கம் இது: மெஷின் கவிதை சட்டென்று புரிந்துவிடுகிறது, பிடித்தும் போகிறது. சிக்கலான வரி வந்தால், மெஷின் உளறுகிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இன்னொரு சோதனையில், 'இது மெஷின் எழுதியது' என்று சொல்லிக் கொடுத்தபோது மதிப்பெண் இறங்கியது, எழுதியது மனிதராகவே இருந்தாலும்.

புரியாத வரி முன்னால் நின்று, 'எனக்குத்தான் எட்டவில்லையோ' என்று இன்னொரு தடவை படிப்போம் இல்லையா? வரிக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார் என்ற நம்பிக்கையில் கொடுக்கும் கடன் அது. சந்தேகம் முதலில் பிடுங்குவது அந்த இரண்டாவது வாசிப்பைத்தான். எலியட்டுக்கு அவர் பெயரைச் சொன்னாலே அது கிடைத்துவிடும். பெயர் தெரியாத ஒருவர் தன் முதல் கடினமான வரியை எழுதி அனுப்பும்போது, யார் கொடுப்பார்கள்?